ஒரு சாண் நீர்

நுழையும்முன்

சென்னை மாநகரின் வடகோடியில் கொற்றலையாறு கடலோடு கலக்கும் இடம் எண்ணூர்க் கழி. பாலத்தின்மீது ஊர்தியில் விரைபவருக்கு அது புகைபோக்கிகளின் அடியில் கிடக்கும் வெறும் சேற்றுநிலம். நீர்மட்டத்தில் அமர்ந்து துடுப்பு வலிப்பவருக்கோ அஃது ஆறும் கடலும் நாள்தோறும் இருமுறை கைமாறிக்கொள்ளும் இடம். மார்கழித் திங்களின் விடியலில், எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பழவேற்காட்டு ஏரி வரை, சிறுபடகில் நீர்வழியே செல்வதாக இப்பாடம் அமைந்துள்ளது.

மணல் இல்லாத கரை

பயணம் இராயபுரத்தில் தொடங்குகிறது. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளில் புறப்பட்டது இங்கிருந்துதான். அந்நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் கடந்து, பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூர் வழியாகச் சாலை வடக்கே செல்கிறது. வலப்புறம் கடல், இடப்புறம் குடியிருப்புகளும் ஆலைகளும். ஆனால், கடலுக்கும் சாலைக்கும் இடையே நாம் எதிர்பார்க்கும் மணற்பரப்பு இல்லை. பெரும்பாறைகளை அடுக்கிக் கட்டிய கற்சுவரே நீள்கிறது.

இதன் காரணத்தை அறிந்துகொண்டு படகேறுவது நல்லது. ஏனெனில், கழியில் நாம் காணப்போகும் பலவற்றிற்கு இதுவே முன்னுரை. நம் கிழக்குக் கரையோரம் மணல் ஓரிடத்தில் நில்லாது நகர்ந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அலைகள் அதனை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் தெற்கே தள்ளும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கிச் செல்லும் மணலே மிகுதி. 1870களில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். அதற்கென அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டபோது மணலின் நடை தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை அரித்தது. மெரினாவின் அகன்ற மணற்பரப்பில் மாலை நேரத்தில் உலவும் நாம், அம்மணல் எந்தக் கரைக்குச் சேரவேண்டியது என்று வினவுவதில்லை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் அவ்வினாவிற்கு விடை அறிந்தவை.

கயாக் என்னும் படகு

நாம் ஏறவிருக்கும் படகு நம் நாட்டில் பிறந்ததன்று. வடதுருவத்தை ஒட்டிய பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்கள், கடல்மிதப்பில் வந்த மரத்தாலோ திமிங்கில எலும்பாலோ சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துப் போர்த்தி உருவாக்கிய வேட்டைப்படகே கயாக். ஓசையின்றி நீர்விலங்கை நெருங்குவது அதன் நோக்கம். இன்று நெகிழியாலும் கண்ணாடி இழையாலும் செய்யப்பட்டு, உலகெங்கும் விளையாட்டிற்கும் உலாவிற்கும் பயன்படுகிறது. இருமுனையிலும் அலகுடைய துடுப்பு இதன் அடையாளம். வலமும் இடமுமாக மாறி மாறி நீரைத் தள்ளினால் படகு நேரே செல்லும்.

பனிநாட்டுப் படகிற்கும் நம் கட்டுமரத்திற்கும் ஒரு வகையில் உறவுண்டு. இரண்டிலும் படகோட்டி நீரின்மேல் உயரமாக அமர்வதில்லை. நீரோடு ஒட்டியே அமர்கிறார். மரங்களைக் கட்டிச் செய்தமையால் கட்டுமரம் எனத் தமிழர் வைத்த பெயர், ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, இரட்டை உடலுடைய கப்பல்களுக்கும் பெயராகிவிட்டது.

கயாக்கின் மற்றொரு பண்பே இப்பாடத்திற்கு மிகவும் தேவையானது. ஆள் ஏறி அமர்ந்த பின்னரும் அதன் அடிப்பகுதி நீரில் ஒரு சாண்கூட அமிழ்வதில்லை. பொறி பொருத்திய மீன்பிடிப் படகு செல்ல இயலாத இடத்திலும் கயாக் வழுக்கிச் செல்லும். அப்படிப்பட்ட படகே தரைதட்டும் இடத்தில், ஆற்றின் ஆழம் என்ன என்பதை அளவுகோல் கொண்டு அளக்க வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

பழந்தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. நெய்தல் நிலத்திற்குரிய சிறுபொழுது எற்பாடு. நீரில் செல்லும் ஊர்திகளை அம்பி, ஓடம், தோணி, திமில், பஃறி, நாவாய், வங்கம் எனப் பல பெயர்களால் வழங்கினர். நெல்லுக்கு உப்பை மாற்றிவந்த படகுகள், பந்தியில் கட்டிய குதிரைகளைப் போலக் கழியின் கரையில் பிணிக்கப்பட்டிருந்த காட்சியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை காட்டுகிறது.

ஓதம் பார்த்தல்

கழியில் செல்வோர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, ஓதத்தைப் பார்ப்பர். நிலவின் ஈர்ப்பாலும் கதிரவனின் ஈர்ப்பாலும் கடல்நீர் நாளொன்றுக்கு இருமுறை உயர்ந்து இருமுறை தாழ்கிறது. உயர் ஓதத்திற்கும் அடுத்த உயர் ஓதத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே, இன்று காலை ஆறு மணிக்கு நீர் ஏறினால் நாளை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தித்தான் ஏறும். முழுநிலவும் மறைநிலவுமாகிய உவாநாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. சென்னைக் கடலில் அந்நாள்களிலும் இரண்டிற்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். பிற நாட்டுக் கடல்களோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆயினும் தட்டையான கழியில் ஒரு மீட்டர் நீர் என்பது பல நூறு ஏக்கர் சேற்றுநிலத்தை மூழ்கடிக்கவும் வெளிக்காட்டவும் போதுமானது.

நீர் ஏறத் தொடங்கும்போது முகத்துவாரத்திலிருந்து உள்ளே புறப்பட்டால் ஓதமே படகைத் தூக்கிச் செல்லும். தவறான நேரத்தில் புறப்பட்டால், எவ்வளவு வலித்தாலும் கரையிலுள்ள அதே பனைமரம் கண்முன் நின்றுகொண்டே இருக்கும்! முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்க்கு இக்கணக்கு எழுதிவைத்துப் படித்ததன்று. காற்றும் அவர்களுக்கு ஒரு பாடநூல். வடக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கடலின் நீரோட்டத்திற்கும் தனிப்பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதைச் சென்னைக் கடற்கரை மீனவர் வண்ணி என்பர். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்பர். துறைமுகச் சுவரால் மணல் எப்பக்கம் ஒதுங்கும் என்பதை இவ்விரு சொற்களை அறிந்தவர் முன்கூட்டியே சொல்லிவிட இயலும்.

பயணத்திற்கு மார்கழியைத் தேர்ந்தமைக்குக் காரணம் குளிர்ச்சி மட்டுமன்று. வடகிழக்குப் பருவமழையால் பெருகிய ஆறு, கோடையில் முகத்துவாரத்தில் திரண்டிருந்த மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலை அடைந்திருக்கும். ஆற்றுநீரும் கடல்நீரும் தடையின்றிக் கலக்கும் காலம் இது. பனிநாட்டில் கயாக் கவிழ்ந்தால் நீரின் குளிரே உயிரைப் பறிக்கும். இங்கு அந்த அச்சம் இல்லை. எனினும் மிதவைச் சட்டை அணியாமலும், உள்ளூர் மீனவர் துணையின்றியும் எவரும் கழியில் இறங்கலாகாது. மழை வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும் நாள்களில் முகத்துவாரத்தின் இழுப்பு, பழகிய படகோட்டியையும் கடலுக்குள் கொண்டுசெல்லும்.

சாம்பல் படிந்த ஆறு

பாலத்தைக் கடந்து மேற்கே திரும்பியதும் கழி விரிகிறது. விடியற்பனியின் ஊடே முதலில் தெரிவன புகைபோக்கிகள். 1970ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதற்கு வடக்கே 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2012 முதல் வல்லூர் அனல்மின் நிலையமும் இயங்கி வருகின்றன. 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ளது. நாம் படிக்கும் விளக்கின் ஒளியில் ஒரு பகுதி இங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிட்டு இக்காட்சியைப் பழிப்பது நேர்மையாகாது. அதேபோல், அவ்வொளிக்கு விலை கொடுப்பவர் யார் என்பதைக் காணாமல் கடப்பதும் நேர்மையாகாது.

இந்திய நிலக்கரியில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எரிந்தபின் சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய்களின் வழியே தொலைவிலுள்ள சாம்பல் குளத்திற்கு அனுப்புவர். இக்குழாய்கள் கொற்றலையாற்றைக் குறுக்காகக் கடக்கின்றன. குழாயில் வெடிப்பு உண்டாகும்போதெல்லாம் சாம்பற்குழம்பு ஆற்றில் கொட்டும். பல ஆண்டுகள் இவ்வாறு கொட்டிய சாம்பல் ஆற்றின் அடியில் படிந்து இறுகியுள்ளது.

படகில் அமர்ந்தவாறே துடுப்பைச் செங்குத்தாக நீரில் இறக்கிப் பார்ப்போம். இயல்பான கழியின் அடிச்சேறு கருமையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். துடுப்பு அதில் மெல்லப் புதையும். எடுக்கும்போது இலைமக்கிய வாடை எழும். சாம்பல் படிந்த இடத்தில் துடுப்பு சட்டெனத் தட்டி நிற்கும். எடுத்தால் வெளிர்சாம்பல் நிறத்தில் மாவுபோன்ற துகள் வடியும். அதில் நண்டு வளை தோண்டுவதில்லை. சில இடங்களில் நடுவாற்றில் இறங்கி நின்றால் நீர் முழங்காலளவே. ஒரு சாண் நீர் போதுமென்று வந்த நம் படகும் அத்திட்டுகளில் தரைதட்டுகிறது.

ஆழம் குறைந்தால் யாருக்கு என்ன இழப்பு? இறாலின் வாழ்க்கையை அறிந்தால் இது விளங்கும். இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அதன் இளவுயிர்கள் உயர் ஓதத்தோடு முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் வருகின்றன. உப்பும் நன்னீரும் கலந்த, சேறு நிறைந்த, அலையாத்தி மரங்களின் வேர் நிழலிலுள்ள நீரே அவற்றிற்குத் தொட்டில். அங்கு வளர்ந்த பின்னரே வற்றும் ஓதத்தோடு மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. ஓதம் உள்ளே வரவேண்டும், வந்த நீர் தங்கவேண்டும், பிறகு வெளியேறவேண்டும். மேடாகிப்போன கழியில் ஓதம் ஏறுவதற்கு இடமில்லை. மின்நிலையங்களைக் குளிர்வித்து வெளியேறும் வெந்நீரும் சேர்ந்தால், மீதமிருக்கும் நீரும் தொட்டிலாகாது.

இழப்பை முதலில் உணர்பவர், மிகக் குறைந்த நீரில் தொழில் செய்வோர். எண்ணூர், பழவேற்காட்டுப் பகுதிகளில் இருளர் பழங்குடியினர் வலையின்றிக் கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதில் வல்லவர். பிடித்த இறாலைப் பனையோலையால் முடைந்த பறியில் இடுவர். இரு கைகளும் நீருக்கடியில் இருப்பதால், பறியின் விளிம்பைப் பற்களால் கடித்துப் பிடித்திருப்பர். கழுத்தளவு நீரில் பெண்கள் வரிசையாக நகர்ந்து செல்லும் அக்காட்சியை அருகிலிருந்து காணும் எவரும், கழியின் அடித்தரையை அவர்களைவிட நன்கறிந்த அறிஞர் இல்லை என்பதை ஏற்பர். அவர்தம் விரல்கள் இன்று தொடுவது சாம்பலை மட்டுமன்று. அண்மை ஆண்டுகளில் தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒருவகைக் கருநிறச் சிப்பியினம் இங்குப் பெருகி, அடிச்சேற்றின்மேல் பாய்விரித்தாற்போல் படர்ந்துள்ளது. கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவந்து வெளியேற்றும் நீரோடு இது வந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. அறிவியலார் அதற்கு மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா எனப் பெயரிட்டுள்ளனர்; மீனவரோ அதனைக் காக்கா ஆழி என்கின்றனர். அது படர்ந்த தரையில் இறால் புதைந்து வாழ இயலாது. அதன் கூரிய விளிம்பு துழாவும் கைகளைக் கிழிக்கும்.

வெள்ளம் செல்லும் வழி

படகை ஓர் அலையாத்திப் புதரின் ஓரம் ஒதுக்கிவிட்டுச் சற்று இளைப்பாறுவோம். சேற்றிலிருந்து பென்சில்களை நட்டாற்போல் மேல்நோக்கி நிற்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். அருகில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து மேற்கே நோக்கினால், இக்கழி எவ்வளவு பெரிய நிலப்பரப்பின் வாய் என்பது புலப்படும்.

கொற்றலையாறு ஏறத்தாழ 136 கி.மீ. நீளமுடையது. கேசாவரம் அணைக்கட்டில் கூவத்தைப் பிரித்துவிட்டு, 1944ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் தேங்கி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து இங்கு வருகிறது. பூண்டி நிரம்பினால் அதன் மிகைநீர் இவ்வழியே வரும். புழல் ஏரியின் உபரிநீரும் கழியை ஒட்டியே இதில் சேரும். கடல் பொங்கியிருக்கும் வேளையில் ஆற்று வெள்ளமும் வந்தால், இரண்டையும் சில மணிநேரம் தாங்கிக்கொள்ளும் கொள்கலனாக இருப்பது கழியும் அதனைச் சூழ்ந்த சதுப்பும் உப்பளங்களுமே. கொள்கலன் மேடானால் நீர் அழிந்துவிடாது. மணலிப்புதுநகரிலும் எண்ணூரிலும் வீட்டு வாயிற்படிகளைத் தேடிச் செல்லும். 2015ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் வடசென்னை மக்கள் இதனைக் கண்டனர்.

2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மிக்சாம் புயல் கொணர்ந்த மழையின்போது, வெள்ளத்தோடு வேறொன்றும் வந்தது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாயின் வழியே கழிக்குள் பரவியது. நீரின் மேற்பரப்பில் கருந்திரையாக மிதந்து, படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் ஒட்டியது. கூழைக்கடாக்களின் சிறகுகள் எண்ணெயில் தோய்ந்து கனத்தன. கருவிகள் வந்துசேரும்வரை மீனவர் தம் படகுகளில் சென்று, வாளியாலும் குவளையாலும் எண்ணெயை மொண்டெடுத்தனர். மீன் பிடிக்கும் மாதம் அது. அவர்கள் அள்ளியது எண்ணெய்.

இக்கழியைச் சுற்றி ஒரு சொற்போரும் நடந்து வருகிறது. நில ஆவணங்களில் புறம்போக்கு என்பது, தனியார்க்கு உரிமையாகாமல் ஊர்ப்பொதுவாக விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் மதிப்புடைய சொல். ஏரி, குளம், கழி, மேய்ச்சல் நிலம் ஆகியன எல்லாம் புறம்போக்கே. காலப்போக்கில் அச்சொல் பயனற்றது என்னும் பொருளிலும், மனிதரை இழித்துரைக்கும் வசையாகவும் தாழ்ந்துவிட்டது. 2017ஆம் ஆண்டில் இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா எண்ணூரிலேயே நின்று பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடல், அச்சொல்லின் பழம்பொருளை மீட்க எழுந்ததே. வரைபடத்திலும் இப்போர் நிகழ்ந்தது. 1996ஆம் ஆண்டுக் கடற்கரை மேலாண்மை வரைபடம் கழியைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டியிருக்க, பின்னர் வெளிவந்த வரைபடத்தில் கழியே காணப்படவில்லை என மீனவரும் சூழலியலாளரும் சான்றுகளோடு முறையிட்டனர். 2022ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கழியில் படிந்த சாம்பலை அகற்றி அதனை மீட்க வேண்டுமென ஆணையிட்டது.

உப்பும் விறகும் சென்ற பாதை

முதல்நாள் பயணம் கழியோடு முடிகிறது. எண்ணூரிலிருந்து பழவேற்காடு இருபது கி.மீ.க்கு மேல், துடுப்பு வலித்துப் பழகாதவர் இதனை ஒரே பகலில் கடக்க முயல்வது வீண் துணிச்சல். மறுநாள் படகை வடக்கே திருப்பிப் பக்கிங்காம் கால்வாயில் நுழைவோம்.

1806ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஏறத்தாழ 18 கி.மீ. நீளத்திற்கு வெட்டப்பட்ட வாய்க்காலே இதன் தொடக்கம். பிறகு அது வடக்கே பழவேற்காட்டை நோக்கி நீண்டது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில் (மக்கள் வழக்கில் தாது வருடப் பஞ்சம்), பசியால் வாடியவர்களுக்குக் கூலி கொடுத்து வேலை வாங்கும் திட்டத்தின்கீழ் எஞ்சிய பகுதிகள் இணைக்கப்பட்டன. கால்வாய்க்கு அக்காலச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. மண்வெட்டியவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. சிறீஅரிக்கோட்டைக் காட்டின் விறகும், அளத்து உப்பும், நெல்லும், சுண்ணாம்புச் சிப்பியும் பாய்மரத் தோணிகளில் இவ்வழியே சென்னைக்கு வந்தன. காற்று இல்லாதபோது தோணியைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்துச் சென்றனர்.

இன்று கால்வாயின் பல பகுதிகள் தூர்ந்துள்ளன. கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து அவற்றைக் கடக்கலாம்; தோணிக்கு அவ்வழி இல்லை. இருபுறமும் உப்பளங்கள், காட்டுப்பள்ளியின் மணல்மேடுகள், அவற்றின் பின்னே துறைமுகத்தின் பளுதூக்கிகள். பேச்சுக் குறைந்து துடுப்பின் ஓசை மட்டுமே கேட்கும் நீண்ட வழி இது. இதைப்பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை; தோள்வலியை எழுதிக் காட்ட இயலாது.

ஏரி

கரைகள் விலகுகின்றன. எதிரே வானமும் நீரும் மட்டுமே. பழவேற்காட்டு ஏரி, சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திற்குரியது; தென்முனை தமிழகத்தில் உள்ளது. சிறீஅரிக்கோட்டை என்னும் நீண்ட மணல்தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்குக் கெல்டிரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரையில் தம் தலைமையிடமாக்கினர். கோட்டை அழிந்துவிட்டது, அவர்தம் கல்லறைகள் எஞ்சியுள்ளன.

இங்கு நம் கணக்கு ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. இந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. பல இடங்களில் மூழ்கி மறைய நீர் இல்லை. எண்ணூரில் ஆழக்குறைவைக் கண்டு வருந்தி வந்த நாம், இங்கே அதே ஆழக்குறைவில் உயிர்கள் பெருகியிருப்பதைக் காண்கிறோம். அங்கே குறை, இங்கே இயல்பு, இஃது எவ்வாறு?

விடை நம்மெதிரே நடந்துகொண்டிருக்கிறது. சற்றுத் தொலைவில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. மெலிந்து நீண்ட கால்கள், வளைந்து தொங்கும் அலகு, சிறகின் ஓரத்தில் இளஞ்சிவப்பு. தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி உண்கின்றன. ஐப்பசி முதல் பங்குனி வரை அவற்றை இங்குக் காணலாம். அவற்றிற்கு வேண்டியது ஆழமான நீரன்று. கால் நனையும் நீரும், அந்நீரில் நுண்ணுயிர் செழிக்கும் சேறுமே. ஆறு கொணர்ந்த வண்டலும் கடல் கொணர்ந்த மணலும் பன்னெடுங்காலம் சமன்செய்து அமைத்த மேடு இது. ஓதம் இதன்மேல் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் உணவைக் கொண்டுவந்து கழிவைக் கொண்டுசெல்கிறது. எண்ணூரின் சாம்பல் மேடோ சில பத்தாண்டுகளில் திணிக்கப்பட்டது. அதனுள் வேர் இறங்காது. அதன்மேல் உயிர் மேயாது. அளவுகோலுக்கு இரண்டும் ஒரே ஆழம்தான். துடுப்பின் நுனிக்கு இரண்டும் வேறு.

இவ்வேரியின் மீனவர் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்குப் பாடு என்று பெயர். இறால் கூடும் இடங்கள் சிலவே. அங்கு வலை கட்டும் உரிமை ஊரார்க்கு முறைவைத்துச் சுழன்று வரும். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை அதனை விட்டுக்கொடுத்து வேறிடம் செல்வர். முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஓதம் நின்றுபோகும் ஆண்டில், பாடு எவர் பெயரில் இருந்தாலும் வலையில் ஒன்றும் இராது. எனவே, முகத்துவாரத்தைத் திறந்து வைத்தல் அவர்களுக்குத் தலையாய கோரிக்கை.

எற்பாட்டு வேளை. கதிரவன் நிலத்தின் பக்கம் சாய்கிறான்; நீர் கடலை நோக்கி வற்றத் தொடங்கிவிட்டது. பூநாரைகளைக் காணும் ஆவலில் நேரத்தை மறந்த நாம் கரையைத் திரும்பிப் பார்க்கும்போது, வந்த வழியில் சேறு பளபளக்கிறது. துடுப்பை ஊன்றினால் மெல்லப் புதைகிறது, கரிய சேறு. இறங்கி இழுத்தால் படகு சிறிது நகர்ந்து நிற்கிறது. வலை கட்டிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் நம்மைக் கண்டு, இனி வெள்ளம் ஏறினால்தான் படகு மிதக்கும் என்று கையசைத்துச் சொல்கிறார். அதற்கு இன்னும் ஐந்தாறு மணிநேரம் உண்டு.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள ஆறு, ஏரி, குளம் ஆகியவற்றுள் ஒன்றின் ஆழம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதை முதியவரிடம் கேட்டு, அவர்கள் கூறும் அளவைச் சொற்களை (சாண், முழம், ஆளுயரம் போன்றவை) மாற்றாமல் எழுதி வருக.

காற்று, நீரோட்டம், மழை ஆகியவற்றிற்கு உங்கள் பகுதி உழவரும் மீனவரும் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுள் அகராதியில் இடம்பெறாதவற்றை வகுப்பறையில் விளக்குக.

புறம்போக்கு என்பதுபோல் பொருள் தாழ்ந்த தமிழ்ச் சொற்கள் இரண்டினைக் கண்டறிந்து, அவற்றின் பழம்பொருளோடு சொற்றொடரில் அமைத்துக் காட்டுக.